30 ஜிஇவி மேடு: டிரிக்கரோடு ஆறு வருடம்

போன வாரம் கல்லூரி நண்பன் ஒரு வரைபடத்தை அனுப்பியிருந்தான். கிடைமட்டத்தில் மியூவான் ஜோடிகளின் நிறை, துகள் இயற்பியல் அலகான ஜிஇவியில்; செங்குத்தில் அந்த நிறையில் எத்தனை ஜோடி என்ற எண்ணிக்கை. மியூவான் என்பது எலக்ட்ரானின் கனமான உறவு. ஏதாவது ஒரு துகள் இரண்டு மியூவானாகச் சிதைந்தால், அதன் நிறையில் ஒரு மேடு எழும். "மச்சான், 3 கிட்ட இருக்கறது ஜே/சை, 91-ல இருக்கறது இசட். சரி, 30 பக்கத்துல நிக்குதே ஒரு மேடு, அது எந்தத் துகள்டா?" ஆறு வருடத்துக்கு முன்னால் இதே மேட்டில் நானும் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன். அதனால் ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

அவன் திறந்தது, எல்ஹெச்சி என்ற புரோட்டான் மோதல் இயந்திரத்தில் இருக்கும் சிஎம்எஸ் சோதனையில் 2012-ல் பதிவான இரட்டை மியூவான் தரவு. பொதுவில் கிடைக்கிறது. 6 கோடிக்கு மேற்பட்ட நிகழ்வுகள்; மடிக்கணினியிலேயே ஓடும். நான் ஆறு வருடமாகப் புரட்டுவதும் அதைத்தான். பெயருக்குத்தான் தரவு. உண்மையில் நான் மல்லுக்கட்டுவது அந்தத் தரவைத் தேர்ந்தெடுத்த டிரிக்கரோடு. எந்த மோதலை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று அந்தக் கணத்திலேயே முடிவு செய்யும் சல்லடை அது.

பாராட்ட வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012-ல் எல்ஹெச்சியில் புரோட்டான் கொத்துகள் 50 நானோநொடிக்கு ஒருமுறை குறுக்கிட்டன. ஒவ்வொரு குறுக்கீட்டிலும் சராசரியாக 20 மோதல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். முதல் கட்ட மின்னணுச் சுற்றுகள் சில மைக்ரோநொடிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். உள்ளே இருக்கும் தடங்காட்டியைப் பார்க்க அவகாசம் கிடையாது. மியூவான் அறைகளும் ஆற்றல்மானிகளும் தரும் தோராயத் தகவல்தான். அதில் நொடிக்கு அதிகபட்சம் 1 லட்சம் நிகழ்வுகள் தேறும். அப்புறம் தரைக்கு மேலே இருக்கும் கணினிக் கூட்டம் அதைச் சில நூறாகக் குறைக்கும். வேண்டாம் என்று விட்டது அப்போதே போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அந்த வருடம் ஹிக்ஸ் துகளும் இந்தச் சல்லடையில்தான் தங்கியது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் 'பார்க்கிங்'. வழக்கமான தேர்வுக்கு மேல் நொடிக்கு இன்னும் சில நூறு நிகழ்வுகளைத் தளர்வான விதிகளில் எடுத்து, உடனே அலசாமல் சேமித்து வைத்தார்கள். 2013-ல் எல்ஹெச்சி நீண்ட பராமரிப்புக்கு நின்றது, கணினிகள் ஓய்ந்தன. குதிரில் கொட்டி வைத்த நெல்லை ஓய்ந்த நாளில் எடுத்து அவிப்பது மாதிரி, அப்போது எடுத்து அலசினார்கள். நண்பன் திறந்த கோப்பும் அந்தக் குதிரிலிருந்து வந்ததுதான்.

இனி அந்த மேடு. ஆறு வருடமாக என்னை விடாமல் எரிச்சலூட்டுவது இது ஒன்றுதான். 2012-ல் இருந்த ஒரு முக்கியமான விதி: ஒரு மியூவானின் குறுக்கு உந்தம் (புரோட்டான் கற்றைக்குக் குறுக்கான திசையில் உள்ள உந்தம்) குறைந்தது 17 ஜிஇவி, இன்னொன்றுக்குக் குறைந்தது 8 ஜிஇவி இருந்தால்தான் உள்ளே விடும். எதிரெதிர்த் திசையில் பறக்கும் இரண்டு மியூவான்கள் சரியாக அந்த வரம்பில் நின்றால் ஜோடியின் நிறை 2√(17×8), அதாவது 23 ஜிஇவி சொச்சம். அதற்குக் கீழே இருக்கும் இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு அந்த வழியில் அனுமதி இல்லை. மேலே போகப் போக அனுமதி கூடுகிறது. இயற்கையிலோ நிறை கூடக் கூட ஜோடிகள் குறைகின்றன. ஏறும் கோட்டையும் இறங்கும் கோட்டையும் பெருக்கினால் நடுவில் ஒரு மேடு எழத்தானே செய்யும்? அங்கே துகள் எதுவும் இல்லை. அது சல்லடைக் கண்ணின் வடிவம்.

இதோடு போகவில்லை. தாழ்ந்த உந்த விதிகள் சிலவற்றில் 'பிரீஸ்கேல்' வேறு: நூறு தேறினால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வேன் என்கிற கணக்கு. ஜே/சை போன்றவற்றுக்குத் தனி விதிகள். இத்தனை வாசல் வழியாக வந்தவற்றை ஒரே வரைபடத்தில் கொட்டிவிட்டால், ஒரு மேட்டின் உயரத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. எனக்குப் பிடித்த ஆராய்ச்சி எல்லாம் 10 முதல் 40 ஜிஇவிக்குள்தான் இருக்கிறது. அங்கே நான் பார்ப்பதில் இயற்கை எவ்வளவு, டிரிக்கர் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பிரிக்க வேண்டியிருக்கிறது. இசட் சிதைவில் ஒரு மியூவானை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, மற்றது தேறியதா என்று எண்ணி டிரிக்கரின் திறனை அளக்கலாம். செய்கிறேன். கை ஓய்ந்துவிடுகிறது.

அடுத்த தலைமுறை டிரிக்கர் முதல் கட்டத்திலேயே தடங்களைப் பார்க்கும், 12.5 மைக்ரோநொடி யோசிக்கும், நொடிக்கு 7.5 லட்சம் நிகழ்வுகளை விடும். ஆசையாக இருக்கிறது. ஆனால் அதற்கும் வரம்பு இருக்கும், வரம்பு இருந்தால் மேடும் இருக்கும்.

இத்தனை சிறப்புகளைச் சொன்ன பிறகும், தாழ்ந்த நிறையில் எதையாவது தேடப் போகிறவனிடம் இந்தத் தரவை எடுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்றுதான் நண்பனிடமும் சொன்னேன். கேட்கவில்லை. சரி, இரண்டு மியூவானுக்கும் 25 ஜிஇவி வரம்பு வைத்து மறுபடி வரை என்றேன்.

ராத்திரி படம் வந்தது. இசட் 91-லேயே நின்றது. 30-ல் இருந்த மேடு 50-க்குப் பக்கம் நகர்ந்திருந்தது.