ஈயமா, லித்தியமா: இன்வேட்டரில் எந்த வோல்ட் யாருக்கு?

கல்லடியில் என் வீட்டில் நான்கு 12 வோல்ட் டியூபுலர் (ஈய) பற்றரிகள். கொக்கட்டிச்சோலையில் மச்சான் வீட்டில் பதினாறு மின்கலங்கள் கொண்ட லித்தியம் அயன் பொஸ்பேற் பெட்டி. இரண்டு வீட்டிலும் 48 வோல்ட் இன்வேட்டர்தான். பொருத்தியவர்கள் இரண்டிலும் ஒரே எண்களை விட்டுச் சென்றிருந்தார்கள்: மின்னேற்ற உச்சம் 58.4 வோல்ட், பற்றரியிலிருந்து மின் எடுப்பதை நிறுத்தும் துண்டிப்பு 42 வோல்ட்.

மச்சானுக்கு வந்த தொல்லை நண்பகலில் வந்தது. வெயில் உச்சத்தில், பற்றரி நிரம்பும் தறுவாயில் இன்வேட்டர் அலறும். திரையில் பற்றரியே இல்லை என்று காட்டும். பெட்டி பழுது என்றே முடிவுகட்டியிருந்தார். 58.4ஐப் பதினாறால் வகுத்துப் பாருங்கள்: ஒரு மின்கலத்துக்கு 3.65 வோல்ட். அதுதான் அதன் உச்ச வரம்பு. பதினாறும் சேர்ந்தாற்போல் ஏறுவதில்லை. ஒன்று முந்திக்கொண்டு வரம்பைத் தாண்டினால், உள்ளே காவல் இருக்கும் பி.எம்.எஸ் (பற்றரி மேலாண்மைச் சுற்று) முழுப் பெட்டியையும் துண்டித்துவிடும். உச்சத்தை 56 ஆகவும், நிரம்பிய பின் பிடித்து வைக்கும் மிதவை மின்னேற்றத்தை 54 ஆகவும் குறைத்தோம். மின்கலங்களைச் சமப்படுத்த இடையிடையே வோல்ட்டை உயர்த்தி ஏற்றும், ஈயப் பற்றரிக்கே உரிய சமன்செய் மின்னேற்றத்தை அடியோடு நிறுத்தினோம். அலறல் நின்றது. சேமிப்பில் குறைந்தது மிகச் சொற்பம்.

என் வீட்டில் அலறல் எதுவும் இல்லை. அதனால்தான் கேடு பெரிதாயிற்று. வெப்பமான கச்சான் காற்று வீசிய நாளொன்றில் மூடியைத் திருகித் திறந்தேன். தண்ணீர் கீழே இறங்கி, தகடுகளின் மேல்விளிம்பு வெளுத்துக் காய்ந்திருந்தது. அந்த வெக்கைக்கு 58.4 கூடிப்போனதுதான் காரணம். ஈயப் பற்றரிக்கு 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும், மின்கலம் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். என்னிடம் இருப்பவை 24 மின்கலங்கள். பத்துப் பாகை கூடினால் 0.7 வோல்ட். இப்போது மாரியில் 57.6, கச்சானில் 57 வைக்கிறேன். உங்கள் பற்றரியோடு வந்த தாள் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

துண்டிப்பு எண்ணில்தான் எனக்கு உண்மையான கோபம். 42 என்றால் 12 வோல்ட் பற்றரி ஒவ்வொன்றும் 10.5க்கு இறங்கிவிட்டது, அதாவது வற்றிவிட்டது. இரவுதோறும் அப்படி வற்றவிட்டால் டியூபுலர் நெடுநாள் தாங்காது. நான் 46இல் நிறுத்துகிறேன். லித்தியத்துக்கு 48 வையுங்கள். அதற்குக் கீழே அதில் எடுப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.

ஆனால் லித்தியத்தில் வோல்ட்டை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். 80 வீதம் நிரம்பிய பெட்டிக்கும் 40 வீதத்தில் நிற்கும் பெட்டிக்கும் இடையே ஒரு வோல்ட் வித்தியாசம்கூட இல்லை. கடைசியில் சட்டென்று சரியும். ஆகவே பி.எம்.எஸ் இன்வேட்டரோடு பேசும் கம்பியைக் கட்டாயம் இணைக்கச் சொல்லுங்கள். அந்த வசதி கிடைத்தால் நான் லித்தியத்தின் பக்கமே. வசதி இல்லையென்றால், இன்வேட்டர் அமைப்பில் பற்றரி வகையைப் பயனர் தெரிவில் (User) வைத்து எண்களை நீங்களே இடுங்கள். மாதாமாதம் மூடி திறந்து தண்ணீர் பார்க்கப் பொறுமை உள்ளவருக்கு டியூபுலரும் குறைவில்லை. பாதி இறங்கியதை அதன் வோல்ட் ஓரளவு நேர்மையாகக் காட்டும்.

கார்த்திகை, மார்கழியில் வெயில் முகம் காட்டாத நாட்கள் தொடர்ந்து வரும். அப்போது துண்டிப்பு வரை காத்திருக்காமல், மின்சார சபை இணைப்புக்கு மாறும் எண்ணை உயர்த்திவிடுகிறோம்: எனக்கு 48, மச்சானுக்கு 51.