நேர்காணல் வகுப்பு: கேள்வித்தாளா, இருவரா, மூவரா?

பயன்படுத்துபவரின் தேவையை அறிந்து அதற்கேற்பப் பொருளை உருவாக்கும் வடிவமைப்புச் சிந்தனையையும் ஊன்றிக் கேட்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டுமானால், பிள்ளைகள் ஒருவரையொருவர் பேட்டி காண்பதைவிட நல்ல வழி இல்லை. கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு இதை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மூன்று முறைகள் கைவசம் இருக்கின்றன.

முதலாவது கேள்வித்தாள். ஆசிரியர் எழுதிக் கொடுப்பார், பிள்ளைகள் கேட்டு நிரப்புவார்கள். வகுப்பு அமைதியாக நடக்கும்; பாடவேளைக்குள் முடிந்தும்விடும். ஆனால் அடுத்த கேள்வி தாளில் தயாராக இருப்பதால், இந்தப் பதிலைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதான். கூச்சம் மிகுந்த வகுப்பில் முதல் நாள் ஒத்திகைக்கு உதவும், அவ்வளவே.

இரண்டாவது, இருவர் முறை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூலின் பணப்பைப் பயிற்சி இதில் பேர்போனது. பக்கத்தில் இருப்பவரைப் பேட்டி கண்டு, அவருக்கென்றே ஒரு பணப்பை வடிவமைத்து, காகிதத்திலும் அட்டையிலும் மாதிரி செய்து, அவரிடமே காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் பணப்பை ஏது? இங்கே புத்தகப்பைதான் பொருந்தும்.

"உன் பையில் என்ன குறை?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். "நேற்று மழையில் எப்படி வீட்டுக்குப் போனாய்?" என்று கேட்டால் கதை வரும். ஐப்பசி மழையில் எதிர்க்காற்றுக்குக் குடையை முன்னால் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முதுகிலுள்ள பை நனைகிறது. பையை முன்பக்கம் மாட்டினால் தேயிலைத் தோட்டத்துப் படியில் கால் வைக்கும் இடம் தெரிவதில்லை. இதைக் கேட்டவன் பையில் இன்னொரு அறை வைக்கமாட்டான். பின்பக்கம் நீண்ட குடை ஒன்றை வரைவான்.

இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. "எனக்கும் அப்படித்தான்" என்று கேட்பவர் தன் கதையைத் தொடங்கிவிட்டால் தடுக்க ஆளில்லை. பாதி ஜோடிகள் அரட்டையில் முடிவது இதனால்தான்.

மூன்றாவது, மூவர் முறை. ஒருவர் கேட்பார், ஒருவர் சொல்வார், மூன்றாமவர் வாய் திறக்காமல் கவனிப்பார். சொல்லின் பொருளோடு அதன் பின்னுள்ள உணர்வையும் கேட்க வேண்டும் என்று உளவியலாளர்கள் கார்ல் ராஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957இல் எழுதினார்கள். அது நடக்கிறதா என்று பார்ப்பது மூன்றாமவர் வேலை. கேட்பவர் எங்கே குறுக்கிட்டார், எப்போது தன் கதைக்குத் தாவினார், சொல்பவர் யோசிக்கும்போது பொறுத்திருந்தாரா என்று குறித்துக்கொள்வார். பிறகு இடம் மாறுவார்கள். பேட்டிக்கு 4 நிமிடம், குறிப்பைச் சொல்ல 2 நிமிடம் என்றால் மூன்று சுற்றுக்கு 18 நிமிடம் ஆகும். வரைவதையும் மாதிரி செய்வதையும் அடுத்த பாடவேளைக்குத் தள்ள வேண்டிவரும். மூவரில் ஒருவர்தான் ஒரு நேரத்தில் பேசுவார் என்பதால் இரைச்சல் குறைவு. தகரக் கூரையில் மழை கொட்டும் வகுப்பறையில் இது சின்ன விஷயமல்ல.

ஒரே பாடவேளைதான் கிடைக்கும் என்றால் இருவர் முறை. இரண்டு கிடைத்தால் தயங்காமல் மூவர் முறை. நல்ல வடிவமைப்பு இருவரிடமே வந்துவிடும். கேட்கும் பழக்கத்துக்குத்தான் அந்த மூன்றாவது ஆள் தேவை. அதிகம் கற்பவரும் அவரே என்பது என் எண்ணம். அவர் குறிப்பை மட்டும் மதிப்பெண்ணாக மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் நண்பனுக்குப் பத்துக்குப் பத்து போட்டுவிட்டுச் சன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.