பால்மர இலையுதிர்வு: நேர்வெளிச்சமா, எதிர்வெளிச்சமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரத்தில் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) இடங்கொடாமல் எஞ்சி நிற்கும் பால்மரத் (ரப்பர்) தோட்டங்கள், ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரையிலான வறண்ட நாள்களில் மஞ்சளும் செம்பழுப்புமாக நிறம் மாறி இலையுதிர்க்கின்றன. இதைப் படமெடுக்க விரும்புகிறவர் எந்தக் கேமரா என்று யோசிப்பதற்கு முன், சூரியனை முதுகுப்பக்கம் வைப்பதா (நேர்வெளிச்சம்), முகத்துக்கு எதிரே வைப்பதா (எதிர்வெளிச்சம்) என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

குனோங் ஜெராய் மலையும் நீல வானமும் சேர்ந்த அகன்ற காட்சிக்கு நேர்வெளிச்சம் ஏற்றது. ஆனால், இலையின் வழவழப்பான மேற்பரப்பு ஒளியைத் திருப்பியடிப்பதால் நிறம் வெளிறிப்போகும். போலரைசர் வடிகட்டி அந்தப் பளபளப்பைக் குறைக்கும் என்றாலும், ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) ஒளியை அது விழுங்கிவிடும். வானத்தை அடர்நீலமாக்கும் அதன் ஆற்றலும் சூரியனுக்குச் செங்கோணத்தில் நிற்கும்போதுதான் முழுமையாகக் கிடைக்கும்.

எதிர்வெளிச்சத்தில் ஒளி இலையை ஊடுருவி வருகிறது. ஒரே காம்பில் விரியும் மூன்று சிற்றிலைகளின் நடுநரம்பும் கிளைநரம்புகளும் கோடு கோடாகத் தெரிய, நேர்வெளிச்சத்தில் வெறும் பழுப்பாகக் கிடந்த இலை செம்பொன்னாக ஒளிரும். பால்மரத்தைப் பொறுத்தவரை இதுவே மேலானது என்பது என் உறுதியான கருத்து. சூரியன் ஏழரை மணியளவில் எழும் இப்பருவத்தில், எட்டிலிருந்து ஒன்பதரை வரை சாய்ந்த ஒளி மர நிரைகளுக்குள் நுழையும். பால்வெட்டு நடக்கும் நிரையாக இருந்தால் தோட்டத்தாரிடம் கேட்டுவிட்டு நுழைவதே முறை. பின்னணியில் நிழலடர்ந்த மரங்கள் வருமாறு நின்றால், கேமராவின் ஒளிமானி அந்த இருட்டைக் கணக்கிட்டுப் படத்தை வெளுக்கச் செய்யும். ஆகவே ஒளியளவை முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறைக்க வேண்டும். வானம் பின்னணியானால் இலை கறுத்துவிடும் என்பதால் கூட்ட வேண்டும். படத்தின் சிவப்பு நிறப் பகுதிதான் முதலில் எல்லை மீறி விவரம் இழக்கும் என்பதால், ஹிஸ்டோகிராமில் (ஒளியளவின் பரவலைக் காட்டும் வரைபடத்தில்) அதைத் தனியாகப் பார்ப்பது நல்லது.

தரையில் கிடக்கும் சருகுகளுக்கு இரண்டுமே வேண்டாம், மேகமூட்டம் போதும்.

ஆட்டோ வெண்சமநிலை (கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) செம்மையை நீலத்தால் ஈடுகட்டிவிடும் என்பதால், இரு முறைகளிலும் வெண்சமநிலையை 5500 கெல்வின் (ஒளியின் நிறவெப்ப அளவு) அளவில் நிலைநிறுத்திக்கொள்ளலாம். உதிர்ந்த பின் வரும் செம்புநிறத் தளிர்களுக்கும் எதிர்வெளிச்சத்தையே பரிந்துரைப்பேன். அவை மெல்லியவை, தளர்ந்து தொங்குபவை, ஒளியை எளிதில் உள்ளே விடுபவை.