கேசட்டை டி.வி.டி. ஆக்கக் கொடுத்தோம், அப்பாவின் குரல் போய்விட்டது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் பழைய வீடியோ கேசட்டுகளை டி.வி.டி.யில் ஏற்றக் கொடுக்கப் போகிறவர்கள், கொடுப்பதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

1993இல் கோத்தகிரியில் அக்காவின் கல்யாணம் நடந்தது. அப்பாவின் குரல் பதிவாகியிருந்தது அந்தக் கல்யாணக் கேசட்டில் மட்டும்தான். போட்டுப் பார்க்க வீட்டில் டெக் (கேசட் ஓட்டும் வி.சி.ஆர்.) இல்லை. புதிதாக வாங்கவும் வழியில்லை, கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. அதனால் ஊட்டியில் ஒரு கடையில் கொடுத்தோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

கேசட்டின் கண்ணாடி வழியே சுருளில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. கொடுக்கும்போதே அதைக் காட்டிக் கேட்டேன். "பூஞ்சைதான் அக்கா, துடைத்துவிட்டுத்தான் ஓட்டுவோம். எல்லா வேலையும் இந்தக் கடையிலேயே நடக்கும். ஒரிஜினலுக்கு ஒரு கீறல்கூட விழாது" என்றார் கடைக்காரர். முன்பணமும் வாங்கிக்கொண்டார்.

எல்லாமே பொய். கேசட்டைத் திருப்பிக் கேட்டபோதுதான், அது கோயம்புத்தூரில் யாரிடமோ இருப்பது தெரிந்தது. இவர் வாங்கி அனுப்புகிறவர் மட்டுமே. பூஞ்சையையும் யாரும் துடைக்கவில்லை. நம் மலையில் கேசட்டுக்கு முதல் எதிரி ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் இருக்கும் தோல் செருப்பே பூத்துவிடுகிறது. அரை அங்குல நாடா எந்த மூலைக்கு? பூஞ்சை பிடித்த நாடா சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்ளும். அதை அப்படியே டெக்கில் ஓட்டினால் இழுபட்டு மடங்கும், கிழியும். டெக்குக்குள் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் அழுக்கு அப்பிக்கொள்ளும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பூஞ்சை பரவும்.

திரும்பி வந்த கேசட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். நாடாவின் மேல் விளிம்பு நெடுக, கொசுவம் வைத்ததுபோலச் சுருங்கியிருந்தது. ஓரிடத்தில் அறுந்ததைச் சாதாரண செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். இந்த வகை (வி.எச்.எஸ்.) வீடியோ நாடாவில் படம் நடுப்பகுதியில் சாய்வாகப் பதிகிறது. சாதாரண ஒலித்தடம் ஓடுவது அந்த மேல் விளிம்பில்தான். விளிம்பு மடங்கினால் படம் ஓரளவு பிழைத்தாலும் குரல் போய்விடும்.

டி.வி.டி. வட்டைப் போட்டால் அதைவிடக் கொடுமை. பந்தியில் அப்பா இலை இலையாகக் குனிந்து எல்லோரையும் உபசரிக்கிறார், உதடு அசைகிறது, மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. கேட்டதற்கு, "சத்தம் சரியில்லை, அதனால் பாட்டு போட்டு அழகாக்கிவிட்டார்கள்" என்கிறார் கடைக்காரர். யார் கேட்டது அந்த அழகை? கரகரப்பாக இருந்தாலும் அந்தச் சத்தம்தான் எங்களுக்கு வேண்டும். பாட்டு சேர்ப்பதற்கு முன்பு எடுத்த பதிவையாவது கொடுங்கள் என்றால், அழித்துவிட்டார்களாம்.

கல்யாணம் மூன்று மணி நேரக் கேசட். அதோடு நாங்கள் கொடுத்த மற்றக் கேசட்டுகளையும் சேர்த்து ஒரே வட்டில் அடைத்திருந்தார்கள். 4.7 ஜி.பி. வட்டில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம்தான் கொள்ளும். அதற்குமேல் திணித்தால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. இடையில் நீலத் திரை மட்டும் வெகுநேரம் ஓடுகிறது. டெக்கை ஓடவிட்டுவிட்டு ஆள் எங்கோ போயிருக்கிறார்.

இனி கொடுக்கிறவர்கள் முதலில் டெக்கைக் கண்ணால் பாருங்கள். வேலை எங்கே, யார் கையால் நடக்கிறது என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். மூன்று மணி நேரக் கேசட்டைப் பதிய மூன்று மணி நேரம் ஓட்டியே ஆக வேண்டும். ஒரே டெக்கை வைத்துக்கொண்டு ஒரு கட்டுக் கேசட்டை மாலைக்குள் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். முக்கியமில்லாத ஒரு கேசட்டை முதலில் கொடுத்துப் பாருங்கள். பாட்டு, எழுத்து எதுவும் சேர்க்கக் கூடாது என்றும், வெட்டாத பதிவு பென் டிரைவிலும் வேண்டும் என்றும் சொல்லுங்கள். பூஞ்சை தெரிந்தால் நீங்களும் வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள்.

ரசீதின் அடியில் "சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருப்பதைக் காட்டித்தான் எங்களை விரட்டப் பார்த்தார்கள். அந்த ஒரு வரியோடு வழக்கு முடிந்துவிடாது. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கடைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம். இதேபோல ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் ரசீதையும் வட்டையும் சேதமான கேசட்டையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். செல்லோ டேப் ஒட்டைப் பிரிக்காமல், தேதியோடு படம் எடுத்துவிடுங்கள்.