கண்ணாடிக்கு அளவெடுக்கப் போன இடத்தில்

ஊரிலிருந்து லண்டன் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பயணம், வீட்டு விசேஷம், பெட்டி கட்டியது எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒரு கண் மருத்துவரின் இருட்டறையில் நடந்த பத்து நிமிடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். நான்கு வார விடுமுறையில் இன்னும் மனதை விட்டுப் போகாதது அது ஒன்றுதான்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊருக்கு வந்தால் செய்யும் வேலைகள் தெரியும்தானே. பல்லைக் காட்டுவது, முழு உடம்புக்கும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது, அப்புறம் கண்ணாடி மாற்றுவது. நானும் கண்ணாடிக்குத்தான் போனேன். துணைக்கு அண்ணன் மகன் வந்தான், 17 வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் பார்த்தபோது அவன் நோட்டைத் திறந்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். இந்தத் தடவை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறான். பேச்சு குழறுகிறது. பேசும்போது வாயோரம் எச்சில் வழிகிறது, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கையில் எந்நேரமும் ஒரு கைக்குட்டை.

வீட்டில் கவனிக்காமல் இருக்கிறார்கள் என்று வந்த அன்றே அண்ணனிடம் சண்டை போட்டேன். அது தப்பு. இரண்டு வருடத்தில் ஐந்து மருத்துவர்களிடம் அலைந்திருக்கிறார்கள். காமாலை வந்தபோது ஒரு பொது மருத்துவர், அப்புறம் நாட்டு மருந்து, அது வடிந்துவிட்டது. கையெழுத்து கோணலானபோது எலும்பு மருத்துவர். பேச்சு குழறியதும் காது மூக்கு தொண்டை மருத்துவர். காரணமில்லாமல் கோபம் வந்து, மார்க்கும் குறைந்ததும் மனநல மருத்துவர். கடைசியாக நடுக்கத்துக்கு நரம்பு மருத்துவர். ஐந்து பேரும் அவரவர் பங்குக்குப் பார்த்து, அவரவர் மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு அலமாரியில் ஐந்து கோப்புகள், ஐந்து நிறத்தில்.

இதை நான் சொல்லியே ஆக வேண்டும். இங்கே இங்கிலாந்தில் ஒரு சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவர், அவர் தரும் பத்து நிமிடம், அவர் எழுதும் கடிதம், பிறகு காத்திருப்பு. 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி, அந்த 18 வாரம் எத்தனையோ பேருக்குத் தாண்டிப் போகிறது. ஊரில் அப்படி இல்லை, நினைத்த அன்று சாயங்காலமே எந்த மருத்துவரையும் பார்க்கலாம் என்று 14 வருடமாக இங்கே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் உண்மைதான். ஆனால் கடிதத்துக்காக நம்மைக் காக்க வைக்கிற அந்த ஜி.பி.யிடம் எல்லாக் குறிப்பும் ஓரிடத்தில் இருக்கும். என் அண்ணன் மகனுடைய ஐந்து கோப்புகள் ஒரு நாளும் ஒரே மேசையில் இருந்ததில்லை.

கண் மருத்துவருக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்து முடித்தவர், "தம்பிக்கும் ஒரு தடவை பார்த்துடலாமா?" என்றார். அவனுக்குப் பார்வையில் குறை எதுவும் இல்லை. சரி, வந்ததற்குப் பார்க்கட்டுமே என்று உட்கார வைத்தேன். கண்ணை விளக்கொளியில் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவி முன்னால் தாடையை வைத்தான், தாடை நிற்காமல் ஆடியது. அசையாதே என்று அவர் அதட்டவில்லை. தன் கையால் அவன் தலையை லேசாகப் பிடித்துக்கொண்டு, "மேலே பாரு தம்பி. கீழே பாரு. இன்னொரு தரம் மேலே" என்றார். வலது கண், இடது கண், திரும்பவும் வலது. உதவியாளர் பெண் அடுத்தவருடைய சீட்டை நீட்டினாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பிறகு விளக்கைப் போட்டார். கையை முன்னால் நீட்டச் சொன்னார், நடுங்கியது. இரண்டு முழங்கையையும் பக்கவாட்டில் தூக்கி, விரல்களை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு கைகளும் பறவை சிறகடிக்கிற மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டன. வீட்டில் நாங்கள் யாரும் அதைப் பார்த்ததே இல்லை, அந்த மாதிரி கையை வைக்கச் சொல்லத் தோன்றினால்தானே. ஒரு தாளைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னார். எழுதியதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இவனுக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கா?" என்று கேட்டார்.

கண்ணைப் பார்க்கிறவர் கல்லீரலைப் பற்றிக் கேட்கிறார். வந்தது என்றேன். "அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?" ஆமாம், அண்ணி எங்கள் தாய்மாமா மகள்.

தன் செல்போனை அந்தக் கருவியின் மேல் வைத்துப் படம் எடுத்து எனக்குக் காட்டினார். கருவிழியின் ஓரத்தைச் சுற்றி, மேலும் கீழும் கொஞ்சம் தடிப்பாக, பழைய பித்தளை நிறத்தில் ஒரு வளையம். நம்முடைய கறுத்த கண்ணில் இது வெறுமனே பார்த்தால் தெரியாது, இந்த விளக்கில்தான் தெரியும் என்றார். கைசர் என்ற கண் மருத்துவர் 1902இலும் ஃபிளைஷர் என்ற இன்னொரு கண் மருத்துவர் 1903இலும் எழுதிவைத்த வளையம், அவர்கள் பெயரையே வைத்திருக்கிறார்கள். நோயின் பெயர் வில்சன். சாப்பாட்டில் வரும் செம்பில் உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கான ஏடிபி7பி என்ற மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்துவிட்டால் செம்பு வெளியே போகாது. முதலில் கல்லீரலில் தங்கும், அங்கே நிறைந்ததும் மூளைக்குப் போகும், கண்ணுக்கும் போகும். காமாலை, கையெழுத்து, எச்சில், கோபம், மார்க், நடுக்கம் எல்லாம் ஒரே நோய்.

"கவலைப்படாதீங்க, இது மருந்து இருக்கிற நோய்" என்று சொல்லிவிட்டு, தன் கைப்பட ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தார். எந்தெந்தப் பரிசோதனை, எந்தப் பிரிவில் காட்ட வேண்டும், அந்தப் பிரிவில் இதைப் பார்க்கத் தெரிந்தவர் யார் என்பது வரைக்கும். அவனுக்குப் பார்த்ததற்குத் தனியாகக் கட்டணம் வாங்கவில்லை. என் கண்ணாடிச் சீட்டை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி ஐந்து கோப்புகளையும் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையில், மூளையின் உள்ளே ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா பகுதியில் இரண்டு பக்கமும் மாற்றம் தெரிகிறது, நோயாளியின் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும் என்று கடைசி வரியில் இருந்தது. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை. அறிக்கை வந்த அன்று ஸ்கேன் எடுக்கச் சொன்னவர் விடுப்பில் இருந்திருக்கிறார், அவருக்குப் பதிலாக இருந்தவர் நடுக்கத்துக்கு மாத்திரை எழுதி அனுப்பியிருக்கிறார். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வருகிற நோய், ஒரு மருத்துவர் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். நோய் தெரியாததற்காக அந்த ஐந்து பேர் மேல் எனக்குக் கோபமில்லை. இந்தப் பையனுக்கு வேறென்ன பண்ணுது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே, அதுதான் ஆறவில்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தெருவுக்கே ஒரே மருத்துவர். அம்மாவுக்குச் சளி என்று போனால் பாட்டியின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்பார். கண் மருத்துவர் அந்தக் காலத்து ஆள் மாதிரிதான் எனக்குப் பட்டது.

அண்ணன் வேறு பயத்தில் இருந்தார். அரிய நோய் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு ஞாபகம் வந்தது முதுகுத்தண்டுவடத் தசைநார் சிதைவு நோயுள்ள குழந்தைகளுக்காகச் செய்தியில் சொல்லி நிதி திரட்டிய 16 கோடி ரூபாய் ஊசி. "வீட்டை வித்தாலும் முடியாதும்மா" என்றார். மாவட்டத்துப் பெரிய மருத்துவமனையில் கேட்டதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. இது காப்ஸ்யூலில் கட்டுப்படுகிற நோய். மருந்துக்கு வழியே இல்லாதவர்களுக்கு, 2021இல் வந்த அரிய நோய்க் கொள்கையின்படி குறிப்பிட்ட சில மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அதில் ஒன்று, உங்களுக்கு அந்த அளவுக்குத் தேவைப்படாது என்று அங்கிருந்த மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் 6 என்று வந்தது. குறைந்தது 20 இருக்க வேண்டும்.

அடுத்தது 24 மணி நேரச் சிறுநீர். இதில் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. எவ்வளவு செம்பு வெளியேறுகிறது என்று பார்க்க ஒரு நாள் முழுக்கச் சேகரிக்க வேண்டும். காலையில் முதல் முறை போவதைக் கொட்டிவிட்டு, அதற்கப்புறம் மறுநாள் காலை முதல் முறை வரைக்கும் ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும், உலோகம் படாத சுத்தமான கேனில். நாங்கள் போன பரிசோதனை நிலையத்தில், வீட்டில் இருக்கிற தண்ணீர் பாட்டிலில் கொண்டு வாருங்கள் என்றார்கள். முதல் சிறுநீரையும் பிடிக்கச் சொன்னார்கள். கொண்டு போய்க் கொடுத்தோம். எனக்குச் சந்தேகம் வந்து அவர்களுடைய தலைமை ஆய்வகத்துக்கே போன் பண்ணினேன், அது செல்லாது என்றார்கள். சரி, சரியான கேன் வந்தது. பையனுக்குக் கை நடுங்கும், சிந்தினால் கணக்கே கெட்டுவிடும். அண்ணன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒவ்வொரு தடவையும் கூடவே போய்க் கேனைப் பிடித்தார். 17 வயதுப் பையன், அப்பா முன்னால் நிற்க எப்படிக் கூசியிருப்பான். விடிந்து கொண்டு போனால், அங்கிருந்தவர் கொஞ்சம் ஒரு குப்பியில் ஊற்றிக்கொண்டு மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டார். மொத்தம் எத்தனை மில்லி என்று அளக்கவே இல்லை. அந்த அளவு இல்லாமல் ஒரு நாள் கணக்கை எப்படிப் போடுவது? நான் கத்திவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, "பாரின்ல இருந்து வந்தா இப்படித்தான் பேசுவீங்க" என்றார்.

மூன்றாவது தடவை சரியாக நடந்தது. 100 மைக்ரோகிராமைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும் என்பார்கள், இவனுக்கு 340. ஒரு எண்ணுக்காக ஆறு நாள் போனது. லண்டனில் என் மாமியாருக்கு வேறொன்றுக்காக இதே மாதிரி எடுத்தபோது கேனும் அதில் ஒட்டிய சீட்டும் எப்படிப் பிடிக்க வேண்டும் என்ற தாளும் கையில் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கேன் கைக்கு வருவதற்கே ஐந்து மாதம் ஆனது. இவனும் இங்கே காத்திருந்தால் அந்த ஐந்து மாதத்துக்குள் இவன் கல்லீரல் என்னவாகியிருக்கும் என்றும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மருந்து பெனிசிலமைன். செம்பைப் பிடித்து இழுத்துச் சிறுநீரில் விட்டுவிடும், ஜான் வால்ஷ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1956இல் எழுதியது. அதற்கு முன்னால் இந்த நோய்க்கு வாயால் சாப்பிடுகிற மருந்து இல்லை. 1912இல் இதை விவரித்து எழுதிய கின்னியர் வில்சன் வேலை பார்த்தது லண்டன் குவீன் ஸ்கொயரில், நான் வேலைக்குப் போகும் பஸ் அந்தப் பக்கம்தான் போகிறது. இப்போது அந்த நிறுத்தம் வந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறார்கள், வெறும் வயிற்றில், கூடவே பி6 வைட்டமின். ஆரம்பத்தில் நடுக்கம் கூடலாம், பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள், வாழ்நாள் முழுக்க ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, நன்றாகிவிட்டது என்று விட்டவர்கள் கல்லீரல் செயலிழந்து வந்திருக்கிறார்கள் என்று மருத்துவர் மூன்று தடவை சொன்னார். ஈரல், நண்டு, கொட்டை வகை, சாக்லேட் கூடாது. சமையலறையில் செம்புக் குடம் இருக்கிறதா என்றும் கேட்டார். உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லி ஒரு வருடமாக அதில்தான் பையனுக்குத் தண்ணீர். அதனால் வந்த நோய் இல்லை, ஆனாலும் வேண்டாம் என்றார். அண்ணி வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் குடத்தைப் பரணில் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அவனுக்குத் தங்கை ஒருத்தி இருக்கிறாள், 13 வயது. கூடப் பிறந்தவர்களுக்கு இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அறிகுறி வருவதற்கு முன்னால் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் எந்தக் குறையும் தெரியாமல் வாழலாம், கண்டிப்பாக அவளுக்கும் பாருங்கள் என்று கண் மருத்துவரும் எழுதியிருந்தார், பெரிய மருத்துவமனையிலும் சொன்னார்கள். அண்ணன் கேட்க மாட்டேன் என்கிறார். "அவ நல்லாத்தான் இருக்கா. பொண்ணுக்கும் இருக்குன்னு ஒரு பேச்சு வந்தா நாளைக்கு யார் கட்டுவா?" என்கிறார். அவனும் 15 வயது வரைக்கும் நன்றாகத்தான் இருந்தான் என்று விமான நிலையம் வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். இங்கே வந்த பிறகு என் ஜி.பி.யிடம் என் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன், குடும்ப வரலாறு என்று பதிந்துகொண்டார், கடிதம் வரும் என்றார். வரட்டும்.

நேற்று ராத்திரியும் ஊருக்குக் கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தார். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு முதலில் கண் மருத்துவரிடம் போகிறேன், அப்படியே ரத்தமும் கொடுத்துவிட்டு வருகிறேன், உங்கள் அண்ணனிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றார்.