டிஸ்னி வேர்ல்டுக்கு எத்தன நாள் வேணும்? ரெண்டு தடவ போயிட்டு வந்து எழுதுற ரிவ்யூ

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்கு போறோம், எத்தன நாள் போடலாம்னு யாராவது கேட்டா நான் முதல்ல கேக்குறது, கூட யார் யார் வராங்கன்னு தான். பார்க் நாலு (மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம்), அதனால நாலு நாள்னு தான் பொதுவா கணக்கு போடுவாங்க. நாங்க முதல் தடவ அத கூட செய்யல, பார்க் ஹாப்பர் டிக்கெட் எடுத்தா ஒரே நாள்ல ரெண்டு பார்க் போகலாமே, 3 நாள்ல நாலையும் பாத்துடலாம்னு கெளம்பிட்டோம். மூணாவது நாள் அனிமல் கிங்டம்ல மத்தியானம் 12 மணிக்கு என் பையன் பெஞ்ச்ல உக்காந்துட்டு "ரூமுக்கு போலாம்மா"ன்னு அழுதான், அப்போ அவனுக்கு 7 வயசு. பார்க் மேல ஒரு குறையும் இல்ல, நாங்க போட்ட பிளான் தான் தப்பு. எங்கயோ கெடந்து இவ்ளோ செலவு பண்ணி கூட்டிட்டு போயி புள்ளைய அழ வச்சுட்டோமேன்னு ரொம்ப நாள் மனசுல இருந்துச்சு.

இந்த தடவ பையனுக்கு 10, பொண்ணுக்கு 4, முட்டி வலி இருக்குற எங்க அத்தையும் வந்தாங்க. 7 ராத்திரி தங்குனோம், 5 நாள் டிக்கெட், நடுவுல ஒரு நாள் முழுசா ரெஸ்ட். சின்ன குழந்தையோட போறவங்களுக்கு இது தான் சரியான அளவுன்னு உறுதியா சொல்லுவேன்.

முதல்ல அந்த எடத்தோட சைஸ் புரியணும். மொத்தம் கிட்டத்தட்ட 40 சதுர மைல். ஒரு பார்க்ல இருந்து இன்னொன்னுக்கு நடந்து போற கதையே கெடையாது (எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் நடுவுல மட்டும் நடைபாதை இருக்கு), பஸ், மோனோ ரயில், படகு, ஸ்கைலைனர்ங்குற கேபிள் கார்னு எதுலயாவது ஏறி எறங்கணும். மேஜிக் கிங்டமுக்கு சொந்த கார்ல போனீங்கன்னா பார்க்கிங்ல விட்டுட்டு அங்கேர்ந்து மோனோ ரயிலோ ஃபெர்ரியோ புடிச்சு ஏரிய தாண்டி தான் வாசலுக்கே போக முடியும், டிஸ்னி ஹோட்டல்ல தங்கினா பஸ் நேரா வாசல்ல கொண்டு போய் விட்டுடும். ஹோட்டல்ல இருந்து கெளம்புறதுக்கும் முதல் ரைடுல உக்கார்றதுக்கும் நடுவுல போற இந்த நேரத்த யாரும் பிளான்ல எழுதுறதே இல்ல.

1971ல தொறந்த மேஜிக் கிங்டமுக்கு கண்டிப்பா ரெண்டு நாள் வைங்க. உயரம் பாக்காம எல்லாரும் சேந்து ஏறுற ரைடு அதிகமா இருக்குறது இங்க தான், டம்போ, பீட்டர் பான், ஹான்டட் மேன்ஷன், ஜங்கிள் க்ரூஸ்னு போயிட்டே இருக்கும், அத்தையும் பொண்ணும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து போனது இந்த பார்க்ல தான். ராத்திரி வாணவேடிக்கை பாக்க நின்னீங்கன்னா ரூமுக்கு திரும்ப ரொம்ப லேட் ஆகும், அடுத்த நாள் காலைல சீக்கிரம் எழுந்திரிக்கிற மாதிரி எதுவும் வைக்காதீங்க. நாங்க முதல் நாளும் கடைசி நாளும் இங்க போனோம். முதல் நாள் விட்டுப் போனத கடைசி நாள் பாத்துக்கலாம்னு தெரிஞ்சதால யாரும் யாரையும் வெரட்டல, அது ஒண்ணுக்காகவே ரெண்டாவது நாளுக்கு குடுத்த காசு தகும்.

எப்காட் ஒரு முழு நாள். ஏரிய சுத்தி மெக்சிகோல ஆரம்பிச்சு கனடா வரைக்கும் 11 நாட்டு பேர்ல கட்டி வச்ச அரங்குங்க, ஒரு சுத்து நடந்தாலே 1 மைலுக்கு மேல வரும், முட்டி வலி உள்ளவங்கள கூட்டிட்டு போனா வீல்சேரோ எலக்ட்ரிக் ஸ்கூட்டரோ வாடகைக்கு எடுத்துடுங்க, அத்தை முதல்ல கூச்சப்பட்டாங்க அப்புறம் அவங்க தான் ஜப்பான் கடைய விட்டு வரவே இல்ல. ஹாலிவுட் ஸ்டூடியோஸும் ஒரு நாள், ஸ்டார் வார்ஸ் புடிச்ச பசங்க இருந்தா காலைல கேட் தொறக்குறப்பவே நிக்கணும். அனிமல் கிங்டம் பரப்பளவுல தான் பெருசு, 580 ஏக்கர், ரைடு கம்மி. காலைல முதல் வேலையா சஃபாரி போயிடுங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மிருகங்க நல்லா நடமாடும். நாங்க மத்தியானம் 3 மணிக்கு வெளிய வந்துட்டோம், எதையும் விட்ட மாதிரி தோணல.

டிக்கெட் விஷயத்துல ஒண்ணு கவனிங்க. நாள் கூட கூட ஒரு நாளுக்கு ஆகுற ரேட் கொறஞ்சுட்டே வரும், அத பாத்துட்டு இன்னும் ரெண்டு நாள் சேத்துக்கலாமேன்னு ஆசை வரும். ஆனா ஹோட்டலும் சாப்பாடும் அப்படி கொறையாது, ஒவ்வொரு நாளும் அதே செலவு தான். இன்னொன்னு, 5 நாள் டிக்கெட்ட தொடர்ந்து 5 நாள் யூஸ் பண்ணணும்னு இல்ல, ஆரம்ப தேதில இருந்து 8 நாளுக்குள்ள எப்ப வேணா போகலாம். எங்க ரெஸ்ட் நாள் இதனால தான் முடிஞ்சது. ரெண்டு நாள் பார்க், மூணாவது நாள் ஹோட்டல் நீச்சல் குளம், மத்தியானம் எல்லாரும் தூக்கம். பையன் இன்னிக்கும் அந்த குளத்த பத்தி தான் பேசுறான்.

கோடைல போறவங்க நாள கொஞ்சம் சேத்து வைங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மத்தியானத்துக்கு மேல இடி மழை அடிக்கடி வரும், பக்கத்துல மின்னல் அடிச்சா வெளிப்புற ரைட நிறுத்திடுவாங்க, பாதுகாப்புக்கு தான் அது. வெளில இருக்குறத எல்லாம் காலைலயே முடிச்சுடுங்க. டிஸ்னி ஹோட்டல்ல தங்கினா மத்தவங்கள விட 30 நிமிஷம் முன்னாடியே எந்த பார்க்குக்குள்ளயும் விடுறாங்க, லைட்னிங் லேன் (காசு குடுத்து சின்ன க்யூல போறது) புக்கிங்கும் அவங்களுக்கு 7 நாள் முன்னாடி, வெளில தங்குறவங்களுக்கு 3 நாள் முன்னாடி. அந்த அரை மணி நேரத்துல ரெண்டு ரைடு முடிச்ச நாளும் உண்டு.

அதே ஊர் பக்கம் இருக்குற இன்னொரு கம்பெனி தீம் பார்க்கான யுனிவர்சலையும் சேக்கணும்னா இதே நாளுக்குள்ள திணிக்காதீங்க. 2025 மே மாசம் எபிக் யுனிவர்ஸ் தொறந்ததுக்கு அப்புறம் அவங்க கிட்டயே மூணு தீம் பார்க் இருக்கு, கொறஞ்சது 3 நாள் தனியா வேணும். பெரியவங்க மட்டும் போற குரூப்புன்னா டிஸ்னி 4 நாள்லயே முடிஞ்சிடும், ரெஸ்ட் நாள் கூட தேவைப்படாது.

கெளம்புறதுக்கு முன்னாடி குழந்தைய செவுத்தோரம் நிக்க வச்சு உயரம் அளந்துடுங்க. சில ரைடுக்கு கொறஞ்சபட்ச உயரம் இருந்தா தான் ஏத்துவாங்க, மேஜிக் கிங்டம் ரோலர் கோஸ்டர்ல மைன் ட்ரெய்னுக்கு 38 இன்ச், ஸ்பேஸ் மவுன்டனுக்கு 44, ட்ரானுக்கு 48. எங்க பொண்ணு 40. அவ ஏற முடியாததுக்கு ரைடர் ஸ்விட்ச் கேட்டு வாங்குனோம், ஒருத்தர் அவளோட வெளிய இருந்துட்டு அப்புறம் முழு க்யூல நிக்காமலே போயிட்டு வரலாம், ஆனா ஒவ்வொண்ணுக்கும் நேரம் கூட ஆகும். உங்க குழந்தை 43ல நிக்குதுன்னா, முடிஞ்சா பயணத்த ஒரு ஆறு மாசம் தள்ளி வைங்க.