குப்பைமேடா, ஞானஸ்நானமா: ஓர் ஆங்கில யோமனை எந்த ஏட்டில் தேடுவது?

1552 ஏப்ரல் 29. இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில், ஹென்லி தெருவில் அனுமதியின்றிக் குப்பைமேடு போட்டு வைத்ததற்காக மூன்று பேருக்கு ஆளுக்கு 12 பென்ஸ் அபராதம் விதிக்கப்பட்டது. மூவரில் ஒருவர் பெயர் ஜான் ஷேக்ஸ்பியர். அந்த ஊரில் அவர் இருந்தார் என்பதற்குக் கிடைத்திருக்கும் முதல் எழுத்துச் சான்று இந்தக் குப்பைமேடுதான். அவருடைய மகன், நாடகாசிரியர் வில்லியம் பிறக்க இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன.

தேவாலயப் பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் ஜானை 1558 செப்டம்பருக்கு முன் பார்க்கவே முடியாது. அப்போதும் அவர் வருவது ஜோன் என்ற பெண் குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில், தகப்பன் பெயராக மட்டும். ஆறு ஆண்டு வித்தியாசம் பெரிதல்ல என்று தோன்றலாம். ஆனால் பழைய ஆங்கிலேய மூதாதை ஒருவரைத் தேடும்போது பங்குப் பதிவேட்டைப் பிடிப்பதா (பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் வட்டாரம்), நீதிமன்றச் சுருள்களைப் பிடிப்பதா என்ற கேள்விக்கு ஜானைவிட நல்ல சோதனை ஆள் கிடைக்கமாட்டார். அவரைப் பற்றிய ஒவ்வொரு காகிதத்தையும் பல தலைமுறை ஆய்வாளர்கள் சலித்து எடுத்துவிட்டார்கள். விடை தெரிந்த கணக்கில்தான் வழிமுறையைச் சோதிக்க முடியும்.

முதலில், அவர் யோமன்தானா? யோமன் என்பது பிறப்பால் வரும் பட்டம் அல்ல. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவர் என்று 16ஆம் நூற்றாண்டில் வரையறை சொன்னார்கள். நடைமுறையில் கனவானுக்குக் கீழே, சிறு உழவனுக்கு மேலே நின்ற வசதியான குடியானவர் எவரையும் அக்கம்பக்கத்தார் அப்படி அழைத்தார்கள். ஜானையே எடுத்துக்கொள்ளுங்கள். 1556இல் ஒரு வழக்கில் அவர் கையுறை செய்பவர். 1561இல் இறந்துபோன தந்தை ரிச்சர்டின் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு தரப்பட்டபோது, ஸ்னிட்டர்ஃபீல்டு கிராமத்து உழவர். 1596 அக்டோபரில் அவருக்குக் குலச்சின்னம் வழங்கும் ஆவணம் வரைவாகிறது, அதாவது கனவான். மூன்றே மாதம் கழித்து, 1597 ஜனவரியில், ஒரு துண்டு நிலத்தை விற்ற பத்திரத்தில் யோமன்! நான்கும் ஒரே ஆள்தான். எழுதியவர்கள்தான் வேறு வேறு.

இந்த நான்கு அடையாளங்களில் ஒன்றுகூட ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிலம் இருந்ததால்தான் ஒருவர் யோமன். நிலம் கைமாறிய இடம் நீதிமன்றம். எல்லோரும் பதிவேட்டில் தொடங்கி, அது தீர்ந்த பிறகு நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். யோமனைத் தேடுபவர் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

பதிவேட்டின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டார்: ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி, இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். ஏழை, பணக்காரன் பேதமில்லாமல் எல்லோரையும் எழுதச் சொன்ன ஏடு அதுவரை அந்த நாட்டில் இருந்ததில்லை. ஆனால் பலர் காகிதத்தில் எழுதினார்கள், காகிதம் நைந்தது. 1598இல் எல்லாவற்றையும் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னபோது, குறிப்பாக எலிசபெத் அரசியின் முதல் ஆண்டிலிருந்து எழுதினால் போதும் என்ற தொனி ஆணையிலேயே இருந்தது. சோம்பலுக்கு அதைவிட நல்ல அனுமதி வேண்டுமா? அதனால்தான் எத்தனையோ பங்குகளின் ஏடு 1558இல் தொடங்குகிறது. ஸ்ட்ராட்ஃபோர்டு ஏடும் அப்படித்தான்.

உலகமே மேற்கோள் காட்டும் 1564 ஏப்ரல் 26ஆம் தேதிப் பதிவும் அப்படியொரு நகல்தான். 1600 வாக்கில் படியெடுத்து, பங்குக் குரு பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டது. ‘ஜானின் மகன் வில்லியம்’ என்பதில் லத்தீன் வேற்றுமை உருபு பிழையாக இருக்கிறது. மூலத்தில் இருந்த பிழையா, நகலில் நுழைந்ததா என்று சரிபார்க்க மூலம் இல்லை.

சரி, இரு தரப்பிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

ஜானின் தகப்பன் யார்? பதிவேடு பதில் சொல்ல வழியில்லை. ஜான் பிறந்தது ஏறத்தாழ 1530இல், ஆணைக்கு முந்தைய காலம். அந்தக் காலத்தில் கிராமத்தை ஆண்டது மேனர் நீதிமன்றம். மேனர் என்பது ஒரு நிலப்பிரபுவின் பண்ணை எல்லை. அங்கே குடியிருப்போர் மன்றம் கூடும் நாளில் வந்தாக வேண்டும். வராவிட்டால் அபராதம், வேலி சரிந்தால் அபராதம், மாடு அத்துமீறினால் அபராதம். 1520களின் இறுதியிலிருந்தே ஸ்னிட்டர்ஃபீல்டு சுருள்களில் ரிச்சர்டு ஷேக்ஸ்பியர் இப்படி அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் இறந்தபின் திருச்சபை நீதிமன்றம் 1561இல் ஜானை நிர்வாகியாக நியமித்தது. உடைமைகளின் மதிப்பு 38 பவுண்டு 17 ஷில்லிங். இந்தத் தாள் இல்லையென்றால் கிராமத்து ரிச்சர்டையும் நகரத்து ஜானையும் சேர்த்துவைப்பது ஊகமாகவே நின்றிருக்கும்.

மனைவி யார், திருமணம் எப்போது? திருமணப் பதிவு கிடைக்கவில்லை. மேரி ஆர்டனின் தந்தை ராபர்ட் 1556 நவம்பரில் எழுதிய உயில் இருக்கிறது. அதில் இளைய மகள் மேரிக்கு வில்ம்கோட்டில் இருந்த ஆஸ்பீஸ் என்ற நிலத்தை எழுதிவைக்கிறார்; அப்போது அவளுக்குத் திருமணம் ஆகவில்லை. 1558 செப்டம்பரில் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம். இடைப்பட்ட காலத்தில் கல்யாணம் முடிந்திருக்க வேண்டும். ஒரு முனையை உயில் பிடித்துக்கொள்ள, மறுமுனையைப் பதிவேடு பிடிக்கிறது. இந்தக் கேள்வியில் இருவருக்கும் சம மதிப்பெண்.

அந்த முதல் குழந்தை ஜோன் என்ன ஆனாள்? அடக்கப் பதிவு இல்லை. 1569இல் இன்னொரு மகளுக்கும் ஜோன் என்றே பெயர் வைத்ததிலிருந்துதான் மூத்தவள் இறந்துவிட்டாள் என்று முடிவுகட்டுகிறார்கள். சிறு குழந்தையைப் பற்றி நீதிமன்றம் வாயே திறக்காது. குழந்தைகள், இளம் வயதில் இறந்தவர்கள், நிலமில்லாத கூலியாட்கள், பெரும்பாலான பெண்கள் என இவர்களுக்கெல்லாம் பதிவேட்டை விட்டால் கதியில்லை.

அடுத்த கேள்வியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால்? ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்தார்கள். 1580களில் அங்கே குடியிருந்த இன்னொரு ஜான் ஷேக்ஸ்பியர், செருப்பு தைப்பவர். அவருடைய பிள்ளைகளின் ஞானஸ்நானமும் அதே ஏட்டில்தான். 1709இல் நாடகாசிரியரின் வாழ்க்கையை எழுதிய நிக்கோலஸ் ரோ, ஜானுக்கு மொத்தம் பத்துப் பிள்ளைகள் என்று எழுதினார். உண்மையில் எட்டு. எண்ணிக்கை இப்படித் தவறியதற்குப் பதிவேட்டில் இரண்டு குடும்பங்கள் ஒன்றாகக் கலந்து தெரிந்ததே காரணம் என்பது பொதுவான விளக்கம்.

முடிச்சை அவிழ்க்கும் நூல் அந்த ஏட்டிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1571இல் மகள் ஆனின் பதிவு தொடங்கி, மூத்த ஜானின் பிள்ளைகள் ‘மாஸ்டர் ஷேக்ஸ்பியர்’ பிள்ளைகளாகவே எழுதப்படுகிறார்கள். செருப்புத் தொழிலாளிக்கு அந்த மரியாதை இல்லை. ஆனால் அந்த ஒரு சொல் ஏன் திடீரென்று ஒட்டிக்கொண்டது என்று பதிவேடு சொல்லாது. 1568இல் ஜான் நகரத் தலைவராக இருந்தார் என்பது நகராட்சி ஏட்டில் இருக்கிறது. அதைப் பார்க்காதவருக்கு ‘மாஸ்டர்’ வெறும் அலங்காரம். இணையத்தில் பெயரை அடித்தவுடன் வந்து விழும் அட்டவணைகளில் பெரும்பாலும் இந்த மாதிரி அடைமொழிகளை உதிர்த்துவிடுவார்கள். அட்டவணையோடு நின்றுவிடாதீர்கள், ஏட்டின் படத்தைப் பாருங்கள் என்று நச்சரிப்பது இதற்காகத்தான்.

இனி நிலம். ஆஸ்பீஸை ஜானும் மேரியும் 1578இல் 40 பவுண்டுக்கு அடகு வைத்தார்கள். அடகு பிடித்தவர் எட்மண்ட் லாம்பர்ட், ஜானின் சகலை. நிலம் திரும்பவே இல்லை. 1588இல் அரசியின் நீதிமன்றத்திலும், 1597இல் நியாய அடிப்படையில் வழக்குத் தீர்க்கும் சான்சரி நீதிமன்றத்திலும் எட்மண்டின் மகன்மீது வழக்கு. சொந்தக்காரனிடம் அடகு வைத்த கதை எந்த நாட்டிலும் இப்படித்தான் முடியும் போலிருக்கிறது. குடும்ப வரலாறு தேடுபவருக்கோ இது புதையல்: கணவன், மனைவி, மகன் வில்லியம், மனைவி வழி உறவு, நிலத்தின் பெயர், அடகுத் தொகை எல்லாம் ஒரே வழக்குக் கட்டில். பதிவேட்டில் இதையெல்லாம் இருபது வரிகளிலிருந்து ஒட்டுப்போட்டாலும் பாதிதான் தேறும்.

இன்னொரு வகை நீதிமன்றத் தாள் எனக்குத் தனிப் பிரியமானது: சாட்சி வாக்குமூலம். சாட்சி தன் பெயர், ஊர், தகுதி, வயது ஆகியவற்றைச் சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். திருச்சபை நீதிமன்றங்களில் பிறந்த ஊர், இப்போதைய ஊரில் எத்தனை ஆண்டு என்பதும் பல சமயம் சேரும். ஊர்விட்டு ஊர் போன மூதாதையைத் துரத்துபவருக்கு இதற்கு ஈடான தாள் கிடையாது. 1612இல் லண்டனில் ஒரு மாமனாருக்கும் மருமகனுக்கும் சீதனத் தகராறு. ரிக்வெஸ்ட்ஸ் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர், ‘ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஷேக்ஸ்பியர், கனவான், வயது 48 அல்லது அதை ஒட்டி’. 1564 ஞானஸ்நானத்தோடு அப்படியே பொருந்துகிறது. இவ்வளவு பொருத்தம் அபூர்வம். ‘அல்லது அதை ஒட்டி’ என்பதை அந்தக் காலத்தார் தாராளமாகவே பயன்படுத்தினார்கள், நாற்பது, ஐம்பது, அறுபது என்று முழு எண்கள் குவிந்து கிடக்கும். இந்தத் தாளைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்கரான சார்லஸ் வாலஸும் அவர் மனைவி ஹல்டாவும். 1909இல், அட்டவணையில்லாத கட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் படித்தே கண்டார்கள். அடுத்த குடும்பத்துச் சண்டையில் நம் மூதாதை சாட்சியாக வந்திருப்பார். வழக்கின் தலைப்பில் அவர் பெயரே இருக்காது.

இங்கேதான் நீதிமன்றத் தரப்பின் பலவீனம் தொடங்குகிறது. மேனர் சுருள்கள் பெரும்பாலும் சுருக்கக் குறிகள் நிறைந்த லத்தீனில் இருக்கும். 1651 முதல் 1660 வரையான இடைவெளி தவிர, 1733 வரை நீதிமன்றங்களின் முறையான பதிவுகளுக்கு அதுதான் மொழி. சான்சரி மனுக்களும் வாக்குமூலங்களும் உயில்களும் ஆங்கிலத்தில் கிடைப்பது ஆறுதல். ஆனால் கையெழுத்து? அக்காலச் ‘செக்ரட்டரி’ எழுத்தில் ‘சி’ பார்ப்பதற்கு ‘ஆர்’ போலிருக்கும். ‘ஹெச்’ வரிக்குக் கீழே வால் நீட்டும். பழகிவிட்டேன் என்று நினைத்த அன்றுதான் ஒரு பெயரைத் தப்பாகப் படிப்போம்.

உண்மைத்தன்மையும் ஒரு சீராக இல்லை. 1413ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றச்சாட்டுகளிலும் சில வகை வழக்குகளிலும் பிரதிவாதியின் ஊரையும் தகுதியையும் எழுதியாக வேண்டும். நீதிமன்றத் தாள்களில் ‘யோமன்’ என்ற சொல் இறைந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் குற்றவியல் குற்றச்சாட்டுகளில் எழுத்தர்கள் சடங்குக்காக எதையாவது போட்டார்கள். ஊர் என்று குற்றம் நடந்த இடத்தையே எழுதிவிடுவதும் உண்டு. சான்சரி மனுவில் வாதி எப்போதும் அப்பாவி ஏழை, எதிரி எப்போதும் சதிகாரன். மனுவின் கண்ணீரைத் தள்ளிவிட்டுப் பெயர், உறவு, நிலம் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

தேதி விஷயத்தில் மட்டும் நீதிமன்றம் பதிவேட்டைவிட ஒரு படி மேல். 1752 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஜானின் மகன் ரிச்சர்டின் ஞானஸ்நானம் ஏட்டுக் கணக்கில் 1573 மார்ச் 11. நம் கணக்கில் 1574. நீதிமன்றம் ‘எலிசபெத்தின் 16ஆம் ஆண்டு’ என்று ஆட்சியாண்டு எழுதும். அது 1573 நவம்பர் 17இல் தொடங்குவதால் குழப்பத்துக்கே இடமில்லை.

உள்நாட்டுப் போர் இரு தரப்பையும் குலைத்தது. 1640களிலும் 50களிலும் பல பங்குகளின் ஏடு வெறுமையாகக் கிடக்கிறது. திருச்சபை நீதிமன்றங்களும் நின்றுபோயின. ஆனால் 1653 முதல் 1660 வரை இங்கிலாந்து முழுவதற்கும் உயில்களை மெய்ப்பிக்க லண்டனில் ஒரே நீதிமன்றம்தான் இருந்தது. அந்த ஏழாண்டு உயில்கள் இன்று கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், காண்டர்பரி பேராயரின் நீதிமன்ற உயில்களோடு சேர்ந்தே இருக்கின்றன. பதிவேடு ஊமையாகும் இடத்தில் உயில் பேசுகிறது. டெவன் மாவட்டத்துக்காரருக்கு இந்த வரம் இரட்டிப்பு. 1942இல் அதன் தலைநகரான எக்ஸிட்டரின்மேல் விழுந்த குண்டுகளில் அங்கிருந்த உயில்கள் எரிந்துபோயின. லண்டனுக்குப் போனவை தப்பின.

ஆக, தேடப்படுபவர் யோமன் என்று ஒரு தாளாவது சொன்னால் என் வரிசை இது: உயில், அப்புறம் மேனர் சுருள், அதன்பிறகு பதிவேடு, கடைசியாக சான்சரியும் வாக்குமூலங்களும். மேனர் சுருளை இரண்டாவதாக வைப்பது, நிலத்துக்கு வரும் வாரிசை அது நேரடியாக எழுதுவதால்தான்: இன்னார் இறந்தார், அவர் மகன் இன்னார், வயது இவ்வளவு, நிலத்துக்கு உரிமை கோரி வந்தார். சுருள் அழிந்துபோன மேனர் என்றால் வேறு வழியில்லை, பதிவேட்டையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

ஜான் 1601 செப்டம்பர் 8 அன்று அடக்கம் செய்யப்பட்டார் என்று பதிவேடு சொல்கிறது. உயில் கிடைக்கவில்லை. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1592இல், தேவாலயத்துக்கு வராதவர்களின் பட்டியல் ஒன்றை அரசின் ஆணையர்கள் தயாரித்தார்கள். அதில் ஜான் பெயரும் இருக்கிறது. அவரும் வேறு எட்டுப் பேரும் வராததற்குக் காரணமும் அங்கேயே எழுதியிருக்கிறது: கடன் வழக்கில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம்.